இது மெட்ராஸ் ஐ இல்லை, அண்ணாச்சி!

லண்டன் ஐ என்றால் தேம்ஸ் நதிக்கரையில் சுற்றும் ராட்சத ராட்டினம். மெட்ராஸ் ஐ என்றால் சிவந்த கண், ஒட்டிக்கொண்ட இமை, கூலிங்கிளாஸ், நாலு நாள் லீவு. 1918-ல் மெட்ராஸில் முதலில் கண்டுகொண்டதால் வந்த பெயர் என்பார்கள். ஊர் 1996-ல் சென்னை ஆகிவிட்டது. வியாதிக்கு யாரும் பெயர் மாற்ற ஆணை போடவில்லை.

ஆபீஸ் ஆசாமிகளுக்கு மெட்ராஸ் ஐ ஒரு வரப்பிரசாதம். காய்ச்சல் என்றால் மேனேஜர் சர்டிபிகேட் கேட்பார். தலைவலி என்றால் 'எனக்கும்தான்' என்பார். கூலிங்கிளாஸைக் கழற்றிக் கண்ணைக் காட்டினால் போதும், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, "போங்க சார், போங்க, ஒரு வாரம் இந்தப் பக்கமே வராதீங்க" என்று அவரே அனுப்பிவைப்பார். (பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது சுத்தப் பொய். கை, துண்டு, தலையணை வழியாகத்தான் பரவும். இதை மேனேஜரிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.)

இதனால் தமிழ்நாட்டில் எந்தக் கண் எதற்காகச் சிவந்தாலும் அது மெட்ராஸ் ஐ-தான். அங்கேதான் வில்லங்கம்.

சங்கரன்கோவிலில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன். வயது இருபத்தெட்டு. ஒரு தனியார் கம்பெனியில் காலை ஒன்பதரை முதல் இரவு ஏழரை வரை கம்ப்யூட்டர் முன் கணக்கு எழுதுகிறவன். ஆடித்தபசுக் கூட்டத்தில் பார்த்தேன். இடது கண் மட்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. வெளிச்சம் தாங்காமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"என்னல கண்ணு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, மெட்ராஸ் ஐ. போன தடவை வாங்கின சொட்டு மருந்து வீட்ல இருக்கு. ரெண்டு நாள் விட்டா கேட்டுரும்."

"போன தடவையா? இது எத்தனாவது?"

"மூணாவது. ஆனா பாருங்க, சொட்டு விட்டதும் சட்டுனு நின்னுரும். நல்ல மருந்து!"

நல்ல மருந்துதான். யாருக்கோ எழுதிக் கொடுத்ததை மருந்துக் கடையில் இவனுக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டிலைப் பார்த்தால் ஸ்டீராய்டு. கண்ணில் பூளை இல்லை, காலையில் இமை ஒட்டவில்லை, இரண்டு தடவையும் ஒரு கண்ணில் மட்டும் வந்திருக்கிறது, உள்ளே குடைகிற வலி, எழுத்து மங்கல். இதில் ஒன்றுகூட மெட்ராஸ் ஐ-யின் ஜாதகத்தோடு பொருந்தவில்லை. மெட்ராஸ் ஐ உறுத்தும், அரிக்கும், நீரும் பூளையுமாய்க் கொட்டும், ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குத் தாவும். இப்படி வலித்து, வெளிச்சத்தைப் பகைத்துக்கொண்டு, பார்வையை மங்க வைக்காது.

மறுநாள் பஸ் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பினோம். சாயங்காலம் போன் வந்தது.

"அண்ணாச்சி, வேற டாக்டரப் பாப்பமா?"

"ஏம்ல?"

"கண்ணக் காட்டப் போனா, காலைல எந்திரிக்கப்ப இடுப்பு பிடிக்கான்னு கேக்காரு. கண்ணு எங்க இருக்கு, இடுப்பு எங்க இருக்கு!"

"பிடிக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரெண்டு வருசமா பிடிக்கி. சேர் சரியில்லனு நெனைச்சேன்."

நல்ல டாக்டர். மாற்ற வேண்டாம் என்றேன்.

*

கண்ணில் மூன்று அடுக்கு. வெளியே வெள்ளைச் சுவர். உள்ளே படம் பிடிக்கிற விழித்திரை. நடுவில் ரத்தக்குழாய்கள் நிறைந்த கறுத்த அடுக்கு. இதற்கு யூவியா என்று பெயர். லத்தீனில் திராட்சை. வெள்ளைச் சுவரை உரித்துப் பார்த்தவர்களுக்குக் காம்பு கிள்ளிய கறுப்புத் திராட்சை மாதிரி தெரிந்திருக்கிறது. கண்ணுக்கு நிறம் கொடுக்கும் திரை இதன் முன்பக்கம். அந்தத் திரையின் நடு ஓட்டைதான் பாப்பா. இந்தத் திராட்சை அழன்று வீங்கினால் யூவியைட்டிஸ்.

முன்பக்கம் அழன்றால் திரை பின்னால் இருக்கும் லென்ஸோடு பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். வட்டமான பாப்பா, ஒரு பக்கம் இழுபட்ட கோலப்புள்ளி மாதிரி ஆகிவிடும். பையனுக்கு ஆகியிருந்தது. அப்படியே விட்டால் உள்ளே நீர் தேங்கி அழுத்தம் ஏறும், புரை விழும், பார்வை போகும். அதனால்தான் முதல் காரியமாகப் பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து போடுகிறார்கள், ஒட்டாமல் இருக்க. கூடவே ஸ்டீராய்டு சொட்டு. ஆமாம், பையன் போட்ட அதே மருந்துதான்! அவன் இரண்டு நாள் விட்டு நிறுத்தினான். டாக்டர் மணிக்கு ஒரு தடவை என்று ஆரம்பித்து, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து, நடுநடுவே கண்ணின் அழுத்தம் பார்த்து நிறுத்துவார். ஸ்டீராய்டைச் சொந்தப் பொறுப்பில் விட்டுக்கொண்டே இருந்தால் அதுவே கண் அழுத்தத்தை ஏற்றும், புரையைக் கொண்டுவரும். சிவப்புக்குக் காரணம் நெல் அறுக்கும்போது தாள் கீறி உண்டான பூஞ்சைப் புண் என்றால் கேட்கவே வேண்டாம். மருந்து விட விடப் பூஞ்சை செழிக்கும்.

நிற்க. இடுப்புக்கு வருவோம்.

1973-ல் லண்டனில் டெரிக் பிரூவர்ட்டன் என்கிற மூட்டுநோய் டாக்டர், முதுகெலும்பு இறுகிக் கம்பாகிப்போன நோயாளிகள் 75 பேருடைய ரத்தத்தைப் பரிசோதித்தார். 72 பேரிடம் ஒரே அடையாளம் இருந்தது. ஹெச்.எல்.ஏ. பி27 என்று நம்பர் பிளேட் மாதிரி பெயர். நோய் இல்லாத 75 பேரைப் பார்த்தபோது மூன்று பேரிடம்தான் இருந்தது. மருத்துவத்தில் இவ்வளவு பளிச்சென்று கணக்கு வருவது அபூர்வம். அதே வருஷம், திடீர் திடீரென்று கண்ணின் முன்பக்கம் அழலுகிறவர்களிடமும் அதே பி27 என்று எழுதினார். மேல்நாட்டுக் கணக்குப்படி அப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது இருக்கிறது. பெரும்பாலும் இளைஞர்கள். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள். அதாவது இந்தப் பத்திரிகையை ஆபீஸ் லஞ்ச் டைமில் புரட்டுகிற நீங்கள்.

உடனே இடுப்பைத் தடவிப் பார்க்க வேண்டாம். சாதாரண இடுப்பு வலி வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். இந்த வலி தலைகீழ். படுத்தால் கூடும், விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு மரக்கட்டை, நடக்க நடக்கச் சரியாகும். மூன்று மாதத்துக்கு மேல் இப்படி இருந்து, கண்ணும் ஒரு தடவை சிவந்து வலித்திருந்தால் இரண்டையும் ஒரே டாக்டரிடம் ஒரே மூச்சில் சொல்லுங்கள். நாம் கண்ணைக் கண் டாக்டரிடமும், இடுப்பை எண்ணெய்க்காரரிடமும் சொல்லுகிற ஜாதி. இருவரும் சந்தித்துக்கொள்வதே இல்லை.

இன்னொன்று. பி27 இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் எந்த வியாதியும் வருவதில்லை. ஆகவே ஆர்வக்கோளாறில் லேபுக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டு, ராத்திரி தூங்காமல் கிடக்க வேண்டாம்.

*

'யார் பெரியவர்' என்கிற தகராறு சங்கரன்கோவிலுக்குப் புதிதில்லை. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். ஒருவர் சிவன் கட்சி, இன்னொருவர் பெருமாள் கட்சி. கோமதியம்மன் தவமிருந்து கேட்க, சுவாமி வலது பாதி சங்கரன், இடது பாதி நாராயணன் என்று ஒரே உடம்பில் வந்து நின்று தகராறைத் தீர்த்தார். அதுதான் ஆடித்தபசு. விபூதியும் உண்டு, துளசித் தீர்த்தமும் உண்டு.

நம் உடம்புக்குள் நடக்கிற தகராறு இதைவிடச் சிக்கலானது. யார் நம்மாள், யார் வெளியாள்?

உடம்பின் எதிர்ப்புச் சக்தியை ஆபீஸ் வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி செல் என்று பெயர். வேலைக்குச் சேருமுன் நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்கிற பயிற்சிப் பள்ளியில் இருக்கிறார். அங்கே ஊழியர்களின் போட்டோ ஆல்பத்தைக் காட்டுகிறார்கள். போட்டோவைப் பார்த்ததும் லத்தியை ஓங்குகிற வாட்ச்மேன் அங்கேயே டிஸ்மிஸ். டிஸ்மிஸ் என்றால் சாவு. கண், கணையம் என்று மூலை முடுக்கில் இருக்கிறவர்கள் போட்டோவையெல்லாம் தேடி ஒட்ட ஏர் என்று ஒரு ஜீன், குமாஸ்தா வேலை பார்க்கிறது. 2002-ல் எலிகளில் அந்தக் குமாஸ்தாவை நீக்கிப் பார்த்தார்கள். வாட்ச்மேன்கள் பல உறுப்புகளைத் தாக்கினார்கள். கண்ணும் தப்பவில்லை.

கண் இந்த ஆபீஸின் எம்.டி. தனி ஏ.சி. ரூம், தனி லிஃப்ட். அவர் வெளியே வருவதில்லை. வாட்ச்மேனுக்கு உள்ளே அனுமதி இல்லை. ரத்தக்குழாய்களே கெட்டியான கதவு போட்டு வைத்திருக்கின்றன. 1948-ல் பீட்டர் மெடவார், வேறொரு முயலின் தோல் துண்டை முயலின் கண்ணுக்குள் வைத்தால் மற்ற இடங்களைப் போல உடனே நிராகரிக்கப்படாமல் பிழைத்திருக்கிறது என்று காட்டினார். கண்ணுக்குள் லத்தி சார்ஜ் நடந்தால் பார்வை போய்விடும் என்பதால் இயற்கை செய்த ஏற்பாடு.

ஏற்பாட்டில் ஒரு ஓட்டை. கதவு உடைந்தால்? வாட்ச்மேன் ஓடி வருகிறார். வாழ்நாளில் முதல் தடவையாக எம்.டி.யைப் பார்க்கிறார். 'யார்யா நீ?'

1812-ல் பாரீஸ் பக்கத்தில் கூப்வ்ரே என்கிற கிராமத்தில், குதிரைச் சேணம் தைக்கிறவர் மகன், மூன்று வயது, அப்பாவின் பட்டறையில் விளையாடும்போது தோல் துளைக்கிற ஊசி கண்ணில் குத்திவிட்டது. அடிபட்டது ஒரு கண். ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போயிற்று. கிருமி பரவியது என்பார்கள். அடிபட்ட கண்ணைப் பார்த்துவிட்ட வாட்ச்மேன்கள் அடிபடாத கண்ணையும் தேடிப் போய்த் தாக்கினார்கள் என்று நினைக்கிற டாக்டர்கள் பலர். அப்படி ஒரு நோய் நிஜமாகவே இருக்கிறது. இன்றைக்கும் கண்ணில் ஆழமாக அடிபட்டால் டாக்டர்கள் மற்ற கண்ணையும் கண்காணிப்பது அதற்காகத்தான். அந்தப் பையன் பெயர் லூயி பிரெய்ல். பிற்பாடு புள்ளி எழுத்து கண்டுபிடித்தவர்.

அடியே படாதவர்களுக்கு? எம்.டி. வெளியே வரவில்லை, கதவு உடையவில்லை, வாட்ச்மேனுக்கு எப்படி அவர் முகம் தெரிந்தது? அமெரிக்காவில் தேசியக் கண் ஆய்வு நிலையத்தில் ரேச்சல் காஸ்பி என்கிற விஞ்ஞானியின் குழு 2015-ல் ஒரு விடை சொன்னது. விழித்திரைப் புரதத்தை எதிரியாக நினைக்கிற டி செல்களோடு பிறந்த எலிகள் அவர்களிடம் இருந்தன. தானாகவே கண் அழலும் எலிகள். அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்தார்கள். கண்நோய் குறைந்தது! குடலில் குடியிருக்கிற ஏதோ ஒரு பாக்டீரியா, எம்.டி. ஜாடையில் இருந்து வாட்ச்மேனை உசுப்பிவிடுகிறது என்பது அவர்கள் ஊகம். எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் கண் சிவந்ததும் ஆன்டிபயாட்டிக் முழுங்கக் கிளம்பாதீர்கள்.

உடம்பு தன்னையே தாக்காது, அப்படி ஒரு பயங்கரத்தை இயற்கை அனுமதிக்காது என்று நம்பியவர் ஜெர்மானியர் பால் எர்லிக். 1908-ல் நோபல் பரிசு வாங்கிய மேதை. அவர் வார்த்தைக்கு மரியாதை கொடுத்து ரொம்ப வருஷம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தால், மூட்டைத் தாக்குகிறது, தைராய்டைத் தாக்குகிறது, கணையத்தை, தோலை, கண்ணை...

மூட்டு என்றதும் ஒருவர் ஞாபகம். கரிசல் காட்டு வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். பிரசவ டாக்டராக வேண்டும் என்று ஆசை. ராணுவத்தில் டாக்டராக இருந்துவிட்டு 1948-ல் திரும்பும்போது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் பிடித்துக்கொண்டது. சொந்த வாட்ச்மேன்களே மூட்டுகளை நொறுக்குகிற வியாதி. விரல்கள் கோணிக்கொண்டன. பேனா பிடிக்க முடியவில்லை. பிரசவம் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டுக் கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களுக்கு ஏற்ப உபகரணங்களைச் செய்துகொண்டு லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தார். 1976-ல் அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று, மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். டாக்டர் ஜி. வெங்கடசாமி. அரவிந்த் கண் மருத்துவமனை. 2006-ல் காலமானார்.

*

அந்த ஆஸ்பத்திரியில்தான் நம் கதையின் முக்கியமான கட்டம். வாட்ச்மேன் லத்தியை வீசுகிறார், சரி. உள்ளே நிஜமாகவே திருடன் இருந்தால்?

1993 கடைசியில் மதுரை வட்டாரத்தில் பெருமழை, வெள்ளம். 1994-ல் அரவிந்தின் யூவியைட்டிஸ் பிரிவுக்குத் திடீரென்று கூட்டம். இந்த வியாதி தனித்தனியாக வருவது; மெட்ராஸ் ஐ மாதிரி கூட்டமாக வராது. டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம் அங்கே இந்த நோய்க்கென்றே பல வருஷம் உழைத்தவர். அவரும் சகாக்களும், இத்தனை பேர் வாட்ச்மேனுக்கும் ஒரே சமயத்தில் எப்படிப் பித்துப் பிடிக்கும் என்று யோசித்தார்கள். வெள்ளத்தில் நடந்தவர்கள், வயலில் இறங்கியவர்கள், முன்னால் காய்ச்சல் கண்டவர்கள் என்று நூல் பிடித்துக்கொண்டே போனால், எலி மூத்திரத்தில் வந்து நிற்கிறது! லெப்டோஸ்பைரா என்கிற சுருள் கிருமி. எலி, மாடு இவற்றின் சிறுநீர் வெள்ளத்தில் கலந்து, காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக உள்ளே போய்விடும். முதலில் காய்ச்சல். அது இறங்கி, ஆள் மறந்தே போன பிறகு கண். 73 நோயாளிகளைப் பற்றி 1997-ல் அமெரிக்கக் கண் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். கண்ணுக்குள் இருந்து எடுத்த நீரிலேயே கிருமியின் டி.என்.ஏ. இருந்தது.

(குதிரைக்காரர்களுக்கு இது பழைய விஷயம். குதிரைக்கு விட்டு விட்டுக் கண் அழலும். அமாவாசை பௌர்ணமிக் கணக்கு என்று நினைத்து அதை நிலாக் குருடு என்றார்கள் வெள்ளைக்காரர்கள். அதற்கும் இதே கிருமி ஒரு காரணம்.)

இன்னொரு கேஸ் துப்பறியும் நாவல்தான். கிராமத்துக் குளத்தில் குதித்து விளையாடுகிற பையன்கள் கண்ணில் சின்னச் சின்னக் கட்டி. அது ஒட்டுண்ணிப் புழுவின் வேலை என்று ரத்தினம் குழுவினர் 2001-ல் எழுதினார்கள். புழுவின் இனம் பிடிபட 2016 ஆயிற்று. பறவை எச்சத்தில் முட்டை, முட்டையிலிருந்து நத்தை, நத்தையிலிருந்து தண்ணீருக்குள் குட்டிப் புழு. அது மீனுக்குள் போக வேண்டியது. மீன் என்று நினைத்துப் பையன் கண்ணுக்குள் போய்விட்டது. முகவரி மாறிய தபால்!

வேலையின் கஷ்டம் இதில்தான் இருக்கிறது. கண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு. வாட்ச்மேனின் பித்து என்றால் அவரை அடக்க மருந்து கொடுக்க வேண்டும். உள்ளே திருடன் இருந்தால் வாட்ச்மேனை அடக்குவது திருடனுக்கு வாசலைத் திறந்துவிட்ட மாதிரி. அமெரிக்காவில் எழுதின புத்தகத்தை வைத்துக்கொண்டு எல்லாம் உடம்பின் பித்து என்று நம் ஊரில் முடிவு கட்ட முடியாது. இங்கே காசநோய் உண்டு, எலிக் காய்ச்சல் உண்டு, குளத்து நத்தையும் உண்டு. சிவந்த கண்ணோடு போனவனிடம் நெஞ்சு எக்ஸ்ரே எடு, ரத்தம் கொடு, இடுப்பு பிடிக்கிறதா, வெள்ளத்தில் நடந்தாயா என்று கேட்கிற டாக்டர் பணம் பிடுங்குகிறார் என்று நினைக்காதீர்கள். திருடனா நம்மாளா என்று தேடுகிறார்.

நம்மாள்தான் என்று தீர்மானமானால் மருந்து. 1948-ல் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச், மூட்டு வாதத்தில் படுத்த படுக்கையாக இருந்த பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசு. கண்ணிலும் அதே அதிசயம். மாதக்கணக்கில் மாத்திரையாகச் சாப்பிட்டால் முகம் பௌர்ணமி, சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம் என்று வட்டியும் முதலுமாக வசூலிக்கும். கண்ணின் முன்பக்கத்தோடு நிற்கிற நம் பையன் மாதிரி ஆட்களுக்குப் பெரும்பாலும் சொட்டு மருந்தே போதும். பின்பக்கமும் அழலுகிறவர்களுக்கு ஸ்டீராய்டைக் குறைக்க வேறு ஒன்று துணைக்கு வேண்டும்.

எது? மீத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு பழைய மலிவு மருந்து. அதன் பிறப்பில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. எல்லாப்ரகட சுப்பாராவ், பீமாவரத்துக்காரர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதற்காக வெள்ளைக்காரப் பேராசிரியர் கோபித்துக்கொண்டதில் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்கு ஒரு படி கீழ் பட்டத்தோடு அமெரிக்கா போனார். லெடர்லி கம்பெனியில் அவர் குழு முதலில் ஃபோலிக் ஆசிட் விட்டமினைத் தயாரித்தது. பிறகு அதையே ஏமாற்றுகிற போலிகளைத் தயாரித்தது. அந்தப் போலிகளில் ஒன்றுதான் மீத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்கு வந்த மருந்து, குறைந்த அளவில் கொடுத்தால் வாட்ச்மேன்களைச் சாந்தப்படுத்துகிறது.

இதற்குப் போட்டியாக மைக்கோஃபினோலேட் என்று ஒரு புது மருந்து. விலை அதிகம். அதுதான் சிறந்தது என்று உலகம் முழுக்க டாக்டர்கள் பலருக்கு ஒரு நினைப்பு. நினைப்பு சரியா? முதலில் அரவிந்தில் 80 பேரை வைத்துப் பரிசோதித்தார்கள். பிறகு கலிஃபோர்னியாவில் டாக்டர் நிஷா ஆச்சார்யா குழுவோடு சேர்ந்து, ஐந்து நாடுகளில் ஒன்பது மையங்களில், 2013-லிருந்து 2017 வரை 216 பேர். யாருக்கு எது என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கல் மாதிரிதான். 2019-ல் ஜாமா பத்திரிகையில் முடிவு வந்தது. முதல் ஆசிரியர் பெயர்: எஸ்.ஆர். ரத்தினம். ஆறு மாதத்தில் மீத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டவர்களில் 66.7 சதவீதம் பேருக்கு வெற்றி. மைக்கோஃபினோலேட் 57.1 சதவீதம். புள்ளிவிவரக்காரர்கள் இந்த வித்தியாசத்தை வித்தியாசமாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் விலை உயர்ந்தது ஒஸ்தி என்கிற நினைப்பு அடிபட்டுப் போயிற்று. கண்நோயோடு கடன்நோயும் சேர்ந்து வருகிற நம் ஊரில் இது சாதாரண சங்கதி இல்லை. பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்துப் பெரிய ஊருக்குப் போய் லட்சத்தைக் கொட்டினால்தான் பார்வை என்று பயந்துகொண்டிருக்கிற குடும்பத்துக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

கேட்காத மருந்துக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு அடாலிமுமாப் என்கிற ஊசி. யூவியைட்டிஸுக்கு அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்தது. விலையைக் கேட்டால் வேறு பாகமெல்லாம் வலிக்கும். இந்தியாவிலேயே செய்த நகல் 2014 கடைசியில் வந்தபிறகு கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

புற்றுமண் பற்றி ஒரு வார்த்தை. சங்கரன்கோவிலுக்குப் போனால் பிரசாதமாகக் கொடுப்பார்கள். தோல் வியாதிக்குப் பூசுகிறவர்கள் உண்டு. நானும் நெற்றியில் இட்டுக்கொள்வேன். ஆனால் எல்லை நெற்றிதான். புற்றுமண்ணோ, தாய்ப்பாலோ, பச்சிலைச் சாறோ, பக்கத்து வீட்டு சொட்டு மருந்தோ கண்ணுக்குள் போக வேண்டாம்.

மீத்தோட்ரெக்ஸேட் விஷயத்தில் ஒரு முக்கியமான சமாசாரம். அது தினசரி மாத்திரை இல்லை. இந்தப் பத்திரிகை மாதிரி வாரம் ஒரு தடவை. 'சீக்கிரம் குணமாகட்டும்' என்று தினமும் முழுங்கி, வாய் வெந்து, ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தான கேஸ்கள் உண்டு. எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வப்போது ரத்தம் கொடுத்துக் கல்லீரலையும் அணுக்களையும் பார்க்க வேண்டும். துணைக்கு ஃபோலிக் ஆசிட் எழுதிக் கொடுப்பார்கள். சுப்பாராவின் அந்த இன்னொரு சரக்கு! கல்யாணமானவர்கள், குழந்தைக்கு யோசிக்கிறவர்கள் ஆணானாலும் பெண்ணானாலும் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வாரக் கடைசியில் ஒரே ஒரு பீர் பரவாயில்லையா என்று கேட்கிறவர்கள் இருப்பீர்கள். மாத்திரையும் பீரும் கல்லீரலில்தான் சந்தித்துக்கொள்ளும். அதையும் டாக்டரிடமே கேளுங்கள். மனைவி பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் பதில் இன்னும் தெளிவாகக் கிடைக்கும்.